பெட்ரா பிராங்கா / பத்து பூத்தே: ஒரே ஒரு கடிதத்தால் கைமாறிய தீவா?

கலங்கரை:
மலேசியாவின் அரச விசாரணை ஆணையம் கொடுத்த அறிக்கை 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது, அன்றிலிருந்து பெட்ரா பிராங்கா பாறையைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அந்தப் பாறை சிங்கப்பூருடையது என்ற ஹேக் பன்னாட்டு நீதிமன்றத் தீர்ப்பின் மீது மலேசியா போட்ட மறுஆய்வு மனுவை 2018-ல் கைவிட்டதற்காக முன்னாள் பிரதமர் மகாதீர் மீது குற்றவியல் விசாரணை வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்ததும், அவர் அதை ஏற்காததும் எல்லாருக்கும் தெரியும், அந்த அரசியலை இங்கே இழுக்க வேண்டாம். எனக்கு எரிச்சல் தருவது வேறு. எங்கே பார்த்தாலும் "1953-ல் ஒரு அதிகாரி நாலு வரி எழுதினார், தீவு போச்சு" என்றே எழுதுகிறார்கள். 2008 மே 23-ல் வந்த அந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இன்று மலேசிய மாநிலமாக இருக்கும் ஜொகூர், பாறையின் மேல் உடைமை கோரவில்லை என்று எழுதிய அந்தக் கடிதம் முக்கியம்தான். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பிறகு 27 வருடம் மலேசியா வாயைத் திறக்கவே இல்லை, சிங்கப்பூரோ அங்கே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தீவு போனது அந்த 27 வருடத்தில் என்பதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

தெரியாதவர்களுக்கு: சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலைத் தொடும் கிழக்கு வாயிலில் இருக்கிறது இந்தப் பாறை. சிங்கப்பூர் இதை பெட்ரா பிராங்கா என்கிறது, மலேசியா பத்து பூத்தே என்கிறது. நீளம் சுமார் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். மேலே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஆள் குடியிருப்பே கிடையாது. இதற்காக இரண்டு நாடுகள் ஹேக் வரைக்கும் போயின.

ஜொகூர்க்காரன்:
அண்ணே, தூரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல்மைல். சிங்கப்பூரிலிருந்து 24. வரைபடத்தைத் திறந்து பார்க்கிற எந்தப் பிள்ளையும் இது யாருடையது என்று சொல்லிவிடும். ஜொகூர் சுல்தான் ஆட்சி 16-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கடல் முழுக்கப் பரவியிருந்தது. கலங்கரை விளக்கம் கட்டும் பேச்சு வந்தபோது ஆங்கிலேயர்கள் யாரிடம் அனுமதி கேட்டார்கள்? 1844-ல் சுல்தானும் அவருக்கு அடுத்த உயர் அதிகாரியான தெமெங்கோங்கும் எழுதிய பதில் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. விளக்குக் கட்ட இடம் கொடுத்தால் இடமே உன்னுடையதா?

பழைய சட்டம்:
ஜொகூர்க்காரரே, இதில் பாதிக்கு மேல் நீதிமன்றமே உங்களோடு ஒத்துப்போனது. அது பலர் கவனிக்காத விஷயம். அந்தத் தீவு "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்", 1847-லிருந்து ஆங்கிலேயர்கள் அதைச் சட்டப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் சிங்கப்பூரின் முதல் வாதம். அது எடுபடவில்லை. தீவு ஆதியில் ஜொகூருடையதுதான் என்று நீதிபதிகள் தெளிவாகவே சொன்னார்கள். அதற்கு அவர்கள் எடுத்த ஆதாரங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஓராங் லாவுட் மக்கள். படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்த கடலோடிகள், அந்த நீரிணை முழுக்க அவர்களுடைய நடமாட்டம், அவர்கள் சுல்தானுக்குக் கட்டுப்பட்டவர்கள். மக்களின் விசுவாசம் எங்கே போகிறதோ அங்கே ஆட்சியும் போகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். கோட்டையும் வரிக் கணக்கும் இல்லாத ஒரு கடலில் ஆட்சியை இப்படித்தான் அளக்க முடியும்.

1844 கடிதங்கள் மட்டும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு உதவாது. அதில் பேச்சு ஜொகூர் கரையிலுள்ள ரொமேனியா முனைக்குப் பக்கத்தில் விளக்கு அமைப்பது பற்றி. பெட்ரா பிராங்கா பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அதனால் நீதிமன்றம் அதை வைத்து எந்தப் பக்கமும் முடிவு சொல்லவில்லை.

கேள்விக்குறி:
நான் புதுசு, சின்ன சந்தேகம். நம் ஊர் நில வழக்குகளில் அனுபவ பாத்தியதை என்று சொல்வார்களே, 12 வருடம் எதிர்ப்பே இல்லாமல் அனுபவித்தால் உரிமை வந்துவிடும் என்று. இதுவும் அதேதானா?

பழைய சட்டம்:
நல்ல கேள்வி தம்பி. பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் நீதிமன்றம் அந்தச் சாவியைத் தொடவே இல்லை. அனுபவ பாத்தியதையில் ஒருவர் தனக்கு உரிமை இல்லாத இடத்தை எதிராளிக்கு விரோதமாக வைத்திருப்பதாகத்தான் கதை தொடங்கும். அப்படி வாதாடினால் "ஆமாம், அது முதலில் உன் இடம்தான்" என்று சிங்கப்பூர் ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அதைவிட, இத்தனை வருடம் என்று பன்னாட்டுச் சட்டத்தில் கணக்கும் கிடையாது. நீதிமன்றம் சொன்னது இதுதான்: உரிமையாளர் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தால் அந்த மௌனமும் ஒரு பேச்சு. ஒருவர் செய்கைகளும் மற்றவர் மௌனமும் ஒரே திசையில் நெடுநாள் போனால் இருவரும் சொல்லாமலே ஒரு புரிதலுக்கு வந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கான தரம் ரொம்ப உயரம், சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். அந்தத் தரத்தை சிங்கப்பூர் எட்டியதா என்பதில்தான் 12-க்கு 4 என்று நீதிபதிகள் பிரிந்தார்கள்.

ஜொகூர்க்காரன்:
சரி, கடிதத்துக்கே வருவோம். 1953-ல் சிங்கப்பூரும் ஆங்கிலேயரின் காலனி, ஜொகூரும் அவர்கள் பாதுகாப்பில். கேட்டவர் சிங்கப்பூரின் காலனிச் செயலாளர், அதாவது வெள்ளைக்காரர். கடிதம் போனது சுல்தானின் பிரிட்டிஷ் ஆலோசகருக்கு, அவரும் வெள்ளைக்காரர். பதில் எழுதியவர் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர். 1948 ஒப்பந்தங்களுக்குப் பிறகு வெளியுறவு விஷயம் எதுவும் ஜொகூர் கையிலேயே இல்லை. நிலத்தை விட்டுக் கொடுக்க ஒரு தற்காலிகச் செயலாளருக்கு ஏது அதிகாரம்? இதை ஒரு நாடு தன் மண்ணைக் கொடுத்ததாகச் சொல்வது அநியாயம் இல்லையா?

கலங்கரை:
மலேசியாவின் வழக்கறிஞர்களும் இதையேதான் வாதாடினார்கள். நீதிமன்றம் அதை மதிக்காமல் விடவில்லை, பதில் சொன்னது. சிங்கப்பூர் கேட்டது 1953 ஜூன் 12-ல்: காலனியின் கடல் எல்லையை வரையறுக்க வேண்டியிருக்கிறது, பெட்ரா பிராங்காவின் நிலை என்ன, குத்தகையா, விட்டுக்கொடுக்கப்பட்டதா, ஏதாவது ஆவணம் உண்டா என்று. பதில் வந்தது செப்டம்பர் 21-ல்: அந்தப் பாறையின் மேல் ஜொகூர் அரசு உடைமை கோரவில்லை. அவ்வளவுதான், ஒரே வாக்கியம். கடல் எல்லை பற்றிக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே எழுதிய பதில் இது, ஆகவே உடைமை என்றால் வெறும் சொத்துரிமை, இறையாண்மை வேறு என்று பிறகு பிரித்துப் பேச முடியாது என்றார்கள் நீதிபதிகள்.

இப்போது கவனியுங்கள். அந்தக் கடிதம் தீவை மாற்றிக் கொடுத்தது என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. அது மலேசியாவைக் கட்டிப்போடும் வாக்குறுதி என்றும் சொல்லவில்லை. 1953-ல் ஜொகூர் தன்னைப் பற்றி என்ன நினைத்திருந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. கடிதம் வந்த மறுநாள் அந்தப் பாறை யாருடையது என்று கேட்டிருந்தால் நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்கே சந்தேகம். 1980-க்குள் இறையாண்மை கைமாறிவிட்டது என்றுதான் தீர்ப்பு. அதாவது கடிதம் ஒரு கதவைத் திறந்து வைத்தது, மீதியை அதற்குப் பிறகு நடந்தது செய்தது.

என்ன நடந்தது? அந்தத் தண்ணீரில் கப்பல் மோதினால், தரைதட்டினால் விசாரிப்பது சிங்கப்பூர். 1977-ல் தீவில் கடற்படைக்கான தகவல் தொடர்புக் கருவியைப் பொருத்தியது சிங்கப்பூர். 1978-ல் தீவைச் சுற்றிக் கடலைத் தூர்த்துப் பெரிதாக்கத் திட்டம் போட்டு, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து டெண்டர் கேட்டது சிங்கப்பூர். (அந்தத் திட்டம் நடக்கவில்லை, ஆனால் விளம்பரம் வந்ததே.) மலேசிய அதிகாரிகள் அந்தத் தீவுக்குப் போக வேண்டும் என்றால் சிங்கப்பூரிடம் அனுமதி வாங்கிப் போனார்கள். தன் நிலத்துக்குப் போக யாராவது அடுத்தவரிடம் அனுமதி கேட்பார்களா?

எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகத் தெரிவது கொடி விஷயம். பூலாவ் பீசாங் என்று ஒரு தீவு, ஜொகூருடையது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அங்கே இருக்கும் கலங்கரை விளக்கத்தையும் சிங்கப்பூர்தான் நடத்துகிறது. 1968-ல் அந்த விளக்கின் மேல் சிங்கப்பூர்க் கொடி பறந்ததை மலேசியா ஆட்சேபித்தது, கொடியை இறக்கினார்கள். அதே கொடி ஹார்ஸ்பர்க் மேலேயும் பறந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை ஜொகூர்க்காரர் எப்படி விளக்குவார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

வரைபடப் பித்தன்:
கொடியைவிட வரைபடம் இன்னும் மோசம். 1962-லிருந்து 1975 வரை மலாயாவும் மலேசியாவும் தாங்களே அச்சிட்ட ஆறு வரைபடங்களில் அந்தத் தீவின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் "சிங்கப்பூர்" என்று போட்டிருக்கிறது. அதே வரைபடங்களில் பூலாவ் பீசாங்குக்கு அப்படிப் போடவில்லை. எல்லை விஷயத்தில் இந்த வரைபடத்தை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது, அதைக் காட்டி மலேசியா தப்பிக்கப் பார்த்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அப்புறம் 1979 டிசம்பர் 21-ல் திடீரென்று புது வரைபடம், தீவு மலேசியாவுக்குள். 1980 பிப்ரவரி 14-ல் சிங்கப்பூர் ஆட்சேபித்தது. தகராறு பிறந்த நாள் அதுதான். அதற்குப் பின்னால் யார் என்ன செய்தாலும் கணக்கில் சேராது, வழக்குக்காகச் செய்ததாகிவிடும்.

ஜொகூர்க்காரன்:
கொடிக்கு விளக்கம் கேட்டீர்கள். புதிதாகப் பிறந்த நாடு, 1963-ல் இந்தோனேசியாவோடு மோதல், 1965-ல் சிங்கப்பூர் பிரிவு, 1969-ல் கலவரம். ஆள் இல்லாத ஒரு பாறையின் மேல் எந்தத் துணி பறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? பூலாவ் பீசாங்கில் ஆள் இருக்கிறார்கள், கண்ணில் பட்டது, கேட்டார்கள். இதை மௌன சம்மதம் என்பது, வேலைப் பளுவில் கவனிக்காமல் விட்டவனுக்குத் தண்டனை கொடுப்பது மாதிரி. 4 நீதிபதிகள் எதிராக எழுதினார்களே, அவர்கள் என்ன சட்டம் தெரியாதவர்களா? சிம்மாவும் ஆபிரகாமும் சேர்ந்து எழுதிய மாறுபட்ட கருத்தைப் படியுங்கள்.

பழைய சட்டம்:
படித்திருக்கிறேன், வலுவான எழுத்து. பெரும்பான்மைத் தீர்ப்பு எந்தச் சட்டக் கோட்பாட்டில் நிற்கிறது என்பதே தெளிவில்லை என்ற அவர்கள் குற்றச்சாட்டில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் ஜொகூர்க்காரரே, நேரமில்லை என்ற வாதத்தை நீங்கள் எடுக்கக் கூடாது, ஏனென்றால் இதே மலேசியா 2002-ல் சிப்பாடான், லிகித்தான் தீவுகளை இந்தோனேசியாவிடமிருந்து ஜெயித்தது எதை வைத்து? பழைய ஒப்பந்தம் இரண்டு பக்கமும் உதவவில்லை. ஆமை முட்டை சேகரிப்பதை, பின்னால் மலேசியாவோடு சேர்ந்த வடபோர்னியோவின் ஆங்கிலேய நிர்வாகம் ஒழுங்குபடுத்தியது, சிப்பாடானைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தது, 1962-லும் 1963-லும் கலங்கரை விளக்கங்கள் கட்டியது. இந்தோனேசியா ஒரு எதிர்ப்பும் சொல்லவில்லை. 16-க்கு 1 என்று மலேசியா ஜெயித்தது. அன்றைக்கு ஜகார்த்தாவில் யாரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை.

பாக் நீரிணை:
இவ்வளவு படித்ததும் கச்சத்தீவுதான் ஞாபகம் வருகிறது. சேதுபதிகளின் ஜமீனுக்கு உட்பட்டிருந்த இடம், எங்கள் மீனவர்கள் வலை காயப்போட்ட இடம். நாமும் ஹேக் போயிருந்தால் இந்த ஆவணத்தையெல்லாம் போட்டு ஜெயித்திருக்கலாம் இல்லையா?

கலங்கரை:
அதற்குத் தனி இழை வேண்டும் அண்ணாச்சி, ஆனால் சுருக்கமாக. அங்கே நீதிபதி முடிவு செய்யவில்லை, 1974-ல் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டுக் கோடு கிழித்தன, 1976-ல் இன்னொரு ஒப்பந்தம். கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகு பழைய ஜமீன் ஆவணத்துக்கு வெளிநாட்டு நீதிமன்றத்தில் அவ்வளவு மதிப்பு இருக்காது. மேலும் காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளை ஹேக் நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்துக்கு உட்படுத்த மாட்டோம் என்று இந்தியா அறிவித்து வைத்திருக்கிறது. அதனால் கச்சத்தீவு சண்டை நம் உச்ச நீதிமன்றத்தில்தான் நடக்கிறது, அதுவும் இலங்கைக்கு எதிராக அல்ல, அரசியலமைப்பைத் திருத்தாமல் மத்திய அரசு கொடுத்தது செல்லுமா என்பதாக. பெட்ரா பிராங்காவில் இரண்டு நாடும் விரும்பிப் போனார்கள், 2003 பிப்ரவரி 6-ல் புத்ராஜெயாவில் ஒப்பந்தம் போட்டு, தீர்ப்பு எதுவானாலும் ஏற்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டோக்டோ தீவுக்கு இது நடக்காது, 1954-லேயே ஜப்பான் நீதிமன்றம் போகலாம் என்றது, கொரியா மறுத்தது, தீவைக் கையில் வைத்திருப்பவருக்கு என்ன அவசரம்?

வரைபடப் பித்தன்:
வழக்கு நடந்தபோது வந்த புகைப்படக் கூத்தை யாரும் சொல்லவில்லையே. 2007 நவம்பர் விசாரணையில் மலேசியத் தரப்பு ஒரு படம் காட்டியது, கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஜொகூர் கரையின் மலை பிரம்மாண்டமாக நிற்கிறது, கை நீட்டினால் தொடலாம் போல. எடுத்தது ஒரு வலைப்பதிவிலிருந்து. கேமராவில் தொலைவு லென்ஸ் வைத்து எடுத்தால் மலை அப்படித்தான் பெருத்துத் தெரியும் என்று சிங்கப்பூர் அடுத்த சுற்றில் அதே இடத்திலிருந்து எடுத்த வேறு படத்தைக் காட்டியது. தீர்ப்பை அது மாற்றியிருக்காது, ஆனால் தேவையா?

கேள்விக்குறி:
அந்த 2018 மறுஆய்வு விஷயம் எனக்கு இன்னும் புரியவில்லை. தீர்ப்பு முடிந்ததுதானே, மறுபடி எப்படிப் போனார்கள்?

பழைய சட்டம்:
ஹேக் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் அதன் சட்ட விதி 61-ல் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது: தீர்ப்பின்போது நீதிமன்றத்துக்கும் உனக்கும் தெரியாத, முடிவையே மாற்றக்கூடிய உண்மை ஒன்று பிறகு வெளிவந்தால், உன் அசட்டையால் தெரியாமல் போகாதிருந்தால், கண்டுபிடித்த 6 மாதத்துக்குள், தீர்ப்பிலிருந்து 10 வருடத்துக்குள் கேட்கலாம். மலேசியா 2017 பிப்ரவரி 2-ல் கேட்டது. பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த மூன்று தாள்களைக் காட்டியது, 1958-ஐச் சேர்ந்த அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்து, அதே ஆண்டின் ஒரு கடற்படைச் சம்பவக் குறிப்பு, 1960-களின் ஒரு கடற்படை வரைபடம். 1953-க்குப் பிறகும் சிங்கப்பூர் அதிகாரிகளே தீவைத் தங்களுடையதாக நினைக்கவில்லை என்று காட்டுவதுதான் நோக்கம். 2018 ஜூனில் விசாரணை இருந்தது. மே 9 தேர்தலில் ஆட்சி மாறியது, மே மாதக் கடைசியில் புது அரசு மனுவை விலக்கிக்கொண்டது. 10 வருடக் கெடு அதே மாதம் 23-ல் முடிந்துபோயிருந்ததால் இனி அந்த ஜன்னல் மூடியாயிற்று.

விலக்கியது சரியா தவறா என்பது அரசியல் கேள்வி. ஜெயித்திருக்குமா என்று கேட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை, அந்த விதியின் கீழ் யாரும் அதுவரை ஜெயித்ததே கிடையாது.

ஜொகூர்க்காரன்:
யாரும் ஜெயித்ததில்லை என்பதால் முயலவே கூடாதா? நீதிபதிகள் சொல்லித் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். வாசல் வரைக்கும் போய்த் திரும்பியதைத்தான் ஏற்க முடியவில்லை. சரி, நீங்கள் யாரும் மத்தியப் பாறைகளைப் பற்றிப் பேசவில்லை. அதே தீர்ப்பில் அது எங்களுக்குக் கிடைத்தது, 15-க்கு 1.

கலங்கரை:
ஆமாம், அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு அதுவே சாட்சி. மத்தியப் பாறைகள் 0.6 கடல்மைல் தெற்கே, எப்போதும் நீருக்கு மேலே தெரியும் இரண்டு கற்குவியல். பெட்ரா பிராங்காவும் இதுவும் ஆதியில் ஒரே சுல்தானுக்குச் சொந்தம். அங்கே சிங்கப்பூர் எதுவும் செய்யவில்லை, கொடி இல்லை, கருவி இல்லை, அதனால் பழைய உரிமை அப்படியே மலேசியாவிடம் நின்றது. 1953 கடிதத்தில் அந்தப் பாறைகளின் பேச்சே இல்லை என்பதும் உண்மைதான், ஆனால் 27 வருடச் செய்கை ஒரு பாறைக்கு இருந்தது, மற்றதற்கு இல்லை. எதிர்த்து வாக்களித்த ஒருவர் இந்த வழக்குக்காகச் சிங்கப்பூர் நியமித்த இந்திய நீதிபதி, பெம்மராஜு ஸ்ரீநிவாச ராவ். மலேசியா 2017-ல் அங்கே அபூபக்கர் கடல்சார் தளத்தைத் திறந்துவிட்டது, பாடம் படித்துக்கொண்டார்கள்.

வரைபடப் பித்தன்:
மூன்றாவது ஒன்று இருக்கிறதே, தெற்குத் திட்டு. தண்ணீர் வற்றும்போது மட்டும் தலை காட்டும். அது யாருடைய கடல் எல்லைக்குள் விழுகிறதோ அவர்களுக்கு என்று சொல்லிவிட்டு, எல்லைக்கோட்டை மட்டும் நீதிமன்றம் வரையவில்லை. வரையச் சொல்லி அதனிடம் யாரும் கேட்கவும் இல்லை. பெட்ரா பிராங்காவுக்கும் மத்தியப் பாறைகளுக்கும் இடையே அரை மைலுக்குச் சற்று அதிகம்தான், அதில் எங்கே கோடு போடுவது? தீர்ப்பு வந்த இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் தீவைச் சுற்றி 12 மைல் கடல் எல்லையும் அதற்கு மேல் பொருளாதார மண்டலமும் கோருவதாக நாடாளுமன்றத்தில் சொன்னது, மலேசியா கொதித்தது. இரண்டு நாட்டுத் தொழில்நுட்பக் குழு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. 2021-ல் சிங்கப்பூர் பெட்ரா பிராங்காவைச் சுற்றி ஏறக்குறைய 7 ஹெக்டேர் தூர்க்கப் போவதாக அறிவித்தது. 1978 விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா?

ஜொகூர்க்காரன்:
ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு யாரும் எழுந்து கேட்கவில்லை. 2021-ல் அறிவிப்பு வந்ததுமே எங்கள் வெளியுறவு அமைச்சகமான விஸ்மா புத்ரா அதை ஆராய்வதாகச் சொன்னது.

தெற்குத் திட்டு மத்தியப் பாறைகளுக்குத்தான் பக்கம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதியைத் தொழில்நுட்பக் குழு கோடு போட்ட பிறகு பேசிக்கொள்வோம்.